ஊர் நடுவே வாழும் உரிமை

(செங்கற்பட்டில் குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் எத்தனை பேர் நடந்து வந்தீர்கள் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் கை தூக்குவீர்கள் என்று நினைக்கிறோம். கடைத்தெருவிலிருந்து வந்தவர் பத்து நிமிஷம் நடந்திருப்பார். ரயிலடிப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு அதுகூட ஆகியிராது. பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, "ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லி வந்த தாய்மார்களும் இருக்கிறீர்கள். சொன்ன சொல் தவறாமல் வீடு போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். வீடு பக்கத்தில் இருக்கிறது.

இந்தப் 'பக்கத்தில்' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

பழைய ஊரின் நடுவே, ரயிலுக்கும் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகும் தூரத்தில் குடியிருப்பது பெரிய சுகம் என்று பணம் படைத்தவர்கள் இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். மேல்நாட்டுப் பெருநகரங்கள் பலவற்றில் அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் விலை அதிகம். எல்லாத் தேவைகளும் கால் மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும் என்பது 2020-ல் பாரிஸ் மேயர் தேர்தலிலேயே ஒரு திட்டமாகப் பேசப்பட்டது. நமக்கு இது புதுமையல்ல. நம் பாட்டனும் பாட்டியும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஆனால் கையிலிருந்த அந்த வாழ்வு இன்று நம்மிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருக்கிறது. அது ஏன் நழுவுகிறது, யார் கைக்குப் போகிறது, எப்படித் தடுப்பது? இவைதாம் நம் முன் நிற்கும் கேள்விகள்.

கோட்டையும் ஏரியும் ரயிலும்

செங்கழுநீர்ப் பூ மலிந்த ஊர் செங்கழுநீர்ப்பட்டு. அதுவே நாளடைவில் செங்கற்பட்டு ஆயிற்று என்று பெரியோர் சொல்வார்கள். விஜயநகர அரசர் காலத்தில் இங்கே கோட்டை எழுந்தது. 1752-ல் ராபர்ட் கிளைவின் படை அதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தது. 1763-ல் ஆற்காட்டு நவாப் இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பின்னால் ரயில் வந்தது. தெற்கே போகும் பெரிய பாதையும், காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் பாதையும் பிரியும் ஜங்ஷன் ஆயிற்று செங்கற்பட்டு. கோர்ட்டு, கச்சேரி, பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் சுற்றிலும் வந்தன. 1965-ல் மருத்துவக் கல்லூரி வந்தது.

ரயிலில் வருகிறவர்கள் கொளவாய் ஏரியைப் பார்த்ததும் மூட்டை முடிச்சை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே பழைய பஸ் நிலையம். கோர்ட்டு வழக்குக்கு மதுராந்தகத்திலிருந்து வரும் விவசாயி, வழக்கை முடித்துக்கொண்டு, கடையில் விதையும் மருந்தும் வாங்கிக்கொண்டு, ஒரு காசு வண்டிச் சத்தம் கொடுக்காமல் ஊர் திரும்ப முடிந்தது.

இதை யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. கால்தான் ஏழைக்கு வண்டி என்றிருந்த காலத்தில், கால் போகும் தூரத்துக்குள் ஊர் அமைந்தது. அவ்வளவுதான்.

தெருவில் நடக்கவும் போராட வேண்டியிருந்தது

தோழர்களே! பழைய ஊரைப் புகழ்ந்து பாடுவதற்காக நாம் இங்கே கூடவில்லை. பழைய ஊரில் எல்லோரும் எல்லாத் தெருவிலும் நடந்தார்களா? இல்லை. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். கோயிலைச் சுற்றிய தெருவில் ஒரு சாரார் கால் வைக்கக் கூடாது. பொதுக் கிணற்றில் ஒரு சாரார் தண்ணீர் எடுக்கக் கூடாது. இதுவும் அந்தப் பழைய ஊர்தான்.

இந்தக் கொடுமையை எதிர்த்துச் சட்டசபையில் எழுந்த குரல் நம் சீமையின் குரல் என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். செங்கற்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்தவர் ரெட்டைமலை சீனிவாசன். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எதிலும் தாழ்த்தப்பட்ட மக்களைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை அவர் 1924-ல் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தார். அதே 1924-ல் வைக்கத்திலும் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகவே சத்தியாக்கிரகம் தொடங்கியது. 'நடக்கும் உரிமை' என்பது நாம் இன்று புதிதாகச் செய்த சொல் அல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் அடி உதைபட்டு வாங்கிய உரிமை அது.

வாங்கியாயிற்றே, தீர்ந்துவிட்டதா? 2021-ம் வருஷம் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலில் அன்னதானப் பந்தியில் உட்காரவந்த ஒரு நரிக்குறவப் பெண்ணை உட்காரவிடாமல் அனுப்பினார்கள். "எங்களுக்கும் உரிமை இல்லையா?" என்று அவர் கேட்ட கேள்வி நாடு முழுவதும் கேட்டது. பிறகு அமைச்சர் வந்து அதே கோயிலில் அவரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டார். அவ்வருஷம் தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கு வந்து இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டா முதலியவை கொடுத்தார். ஒரு பெண் தைரியமாகக் கேட்டதால் இவ்வளவு நடந்தது. ஆகவே ஊர் நடுவே வாழும் உரிமை என்று நாம் பேசும்போது, எல்லோருக்கும் திறந்த ஊரையே சொல்கிறோம். பழைய வேலியைத் திரும்பக் கட்டுவதற்கு 'பாரம்பரியம்' என்று பெயர் வைத்தால் அதற்கு நாம் உடந்தையாக முடியாது.

கூலியில் ஒரு பங்கு

இனி ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

ஊர் நடுவே குடியிருக்கும் ஒரு தொழிலாளி வேலைக்கு நடந்து போகிறார். அவரையே ஊருக்கு வெளியே பத்து மைலில் குடிவைத்தால் என்ன ஆகும்? பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாகப் போக வர நாளுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 நாள் வேலை என்றால் 1,000 ரூபாய். வருஷத்துக்கு 12,000 ரூபாய். முதலாளி கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை. ஆனாலும் கூலி குறைந்துவிட்டது.

பணத்தோடு போனால் பரவாயில்லை. போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்தால் மாதம் 50 மணி. எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் ஆறு நாளுக்கும் மேல்! 1923-ல் சென்னையில் சிங்காரவேலர் முதன்முதலாக மே தினம் கொண்டாடினாரே, எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்று உலகத் தொழிலாளி கேட்டானே, அந்த ஓய்வில்தான் இந்த இரண்டு மணி கைவைக்கிறது. ஓவர்டைம் கணக்கில் அது வராது. அதற்குக் கூலி கொடுப்பாரும் இல்லை.

பெண்களுக்கு இந்தப் பாரம் இரட்டிப்பு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல காரியம். மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்கலாம். நேரத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் காய்ச்சலில் விழுந்தால் ஐந்து நிமிஷத்தில் ஓடிப் போகிற தாய்க்கும், இரண்டு பஸ் மாறி வரவேண்டிய தாய்க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தச் சலுகையும் ஈடுகட்டாது. அந்தத் தாய் கடைசியில் என்ன செய்கிறாள்? வேலையை விட்டுவிடுகிறாள்.

வெளியே, இன்னும் வெளியே

சென்னையில் வெளியூர் பஸ்கள் ஒரு காலத்தில் பாரிமுனையில் நின்றன. 2002-ல் கோயம்பேட்டுக்குப் போயின. 2023 டிசம்பர் 30-ந் தேதி நம் ஜில்லாவிலேயே கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. பெரிய கட்டடம், விசாலமான கட்டடம், சந்தேகமில்லை. ஆனால் திறந்த நாளில் அங்கே ஒரு ரயில் நிலையம் இல்லை. தெற்கேயிருந்து விடியற்காலையில் வந்து இறங்கிய ஜனங்கள் பிள்ளை குட்டிகளோடு ஊர் போய்ச் சேரப் பட்ட பாட்டைப் பத்திரிகைகளெல்லாம் எழுதின.

நம் ஊரிலும் இதே காற்று வீசுகிறது. 2019 நவம்பர் 29-ந் தேதி செங்கற்பட்டு தனி ஜில்லா ஆயிற்று. சந்தோஷம். கலெக்டர் ஆபீஸை எங்கே கட்டினார்கள்? ஊருக்கு வெளியே வெண்பாக்கத்தில். புதிய பஸ் நிலையத்துக்கு எங்கே வேலை தொடங்கினார்கள்? அதே வெண்பாக்கத்தில்.

"நெரிசலைக் குறைக்க வேண்டாமா? ஊருக்குள் பஸ் திரும்ப இடமில்லையே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூரத்து ஊர்களுக்குப் போகும் பஸ்கள் வெளியே நிற்கட்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் திருக்கழுக்குன்றத்திலிருந்து கீரைக் கட்டோடு வருகிற அம்மாளைச் சந்தையிலிருந்து ஊருக்கு வெளியே இறக்கிவிடுவது நெரிசலைக் குறைப்பதாகாது. அவளை மறுபடி ஓர் ஆட்டோவில் ஏற்றி, அதே நெரிசலுக்குள் அனுப்புவதாகும். அவள் லாபம் அந்த ஆட்டோவிலேயே போய்விடும்.

பஸ்ஸை வெளியே அனுப்பியதோடு நிற்கவில்லை, மனிதர்களையும் அனுப்பினார்கள். நம் மாமல்லபுரத்தின் பெயரைத் தாங்கிய பழைய மாமல்லபுரம் சாலையிலும் அதன் பக்கத்திலும் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று குடியிருப்புகள் இருக்கின்றன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே இருப்பவர்கள் யார்? கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் சென்னையின் நடுவே தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். வீட்டு வேலை செய்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், மீன் விற்றவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு ஏற்றினார்கள். ஓலைக்குப் பதில் காங்கிரீட் கூரை கிடைத்தது. வெள்ளத்தில் மிதந்தவனுக்கு அது சாதாரண விஷயமல்ல. ஆனால் வேலை சென்னையிலேயே தங்கிவிட்டது. பள்ளிக்கூடம் சென்னையிலேயே தங்கிவிட்டது.

அங்கே பூக்கட்டி விற்கும் ஒரு மூதாட்டியை நாங்கள் கண்டோம். "வீடு எப்படியம்மா இருக்கு?" என்று கேட்டோம். "வீடு கெடைச்சுது தம்பி, ஊரு போயிடுச்சு" என்றார். இத்தனை நேரம் நாம் பேசியதை அந்த அம்மாள் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

1872-ல் ஏங்கெல்ஸ் 'குடியிருப்புப் பிரச்னை' பற்றிக் கட்டுரைகள் எழுதினார். நகரம் வளர வளர அதன் நடுவிலுள்ள நிலத்தின் விலை எப்படி ஏறுகிறது, அந்த விலைக்குத் தொழிலாளியின் வீடு எப்படித் தடையாகத் தெரிகிறது, சுகாதாரம் என்றும் அழகு என்றும் போக்குவரத்து என்றும் காரணம் சொல்லி அதை எப்படி இடிக்கிறார்கள், தொழிலாளி எப்படி ஓரத்துக்குத் தள்ளப்படுகிறான் என்று அதில் விளக்கினார். அதற்குச் சற்று முன்புதான் பாரிஸில் ஓஸ்மான் பிரபு பழைய தெருக்களை இடித்து அகல வீதிகள் போட்டிருந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் காரணங்களின் பட்டியல் மாறவில்லையே!

நாற்பது வருஷத் திண்ணை

இடிக்காமலும் வெளியேற்றலாம். வாடகையே போதும்.

நம் தெருவில் ஒரு தையற்காரர் இருந்தார். திண்ணையோடு கூடிய ஒரு பழைய வீட்டில் நாற்பது வருஷமாகக் குடியிருந்தவர். பின்கட்டில் குடும்பம், திண்ணையில் மெஷின். ரயிலுக்குப் போகிறவர்கள் காலையில் துணியைக் கொடுத்துவிட்டு, மாலையில் வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டுக்கார அய்யா இருந்தவரை வாடகைப் பேச்சு வருஷத்துக்கு ஒரு தடவை, காப்பி குடித்துக்கொண்டே முடிந்துவிடும். அவர் காலமானார். பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். வாங்கியவர் மூன்று மாதம் தவணை கொடுத்தார். தையற்காரர் இப்போது எட்டு மைலுக்கு அப்பால் ஒரு புது மனைப்பிரிவில் இருக்கிறார். வீடு காற்றோட்டமானது. சுற்றிலும் பாதி மனைகள் காலி. துணி தைக்கக் கொடுக்கும் ஆளில்லை. மெஷினை உறை போட்டு மூடிவிட்டு, ஒரு கம்பெனிக்குக் காவல் வேலைக்குப் போகிறார். "தெருவில் போகிற வருகிற முகங்களைப் பார்த்தாலே எனக்கு வேலை வரும் அண்ணே, இங்கே முகமே இல்லை" என்று அவர் எங்களிடம் சொன்னார்.

அவருக்கு யாரும் துரோகம் செய்யவில்லை. விற்ற பிள்ளைகளுக்கும் கடன் இருந்தது. ஆனால் அவரைக் காக்கும் சட்டம் எது? 1960-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' நிர்ணயிக்க வழியிருந்தது. குறைகள் உள்ள சட்டம்தான். அதைக் காட்டிச் சில பெரிய கடைக்காரர்கள் சொற்ப வாடகையில் காலம் தள்ளியதும் உண்டு. 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டம் அதை எடுத்துவிட்டது. இப்போது எழுத்து ஒப்பந்தம் வேண்டும். வாடகை அதில் எழுதிக்கொண்டபடி. ஒப்பந்தம் என்றால் இரண்டு சமமான ஆட்கள் உட்கார்ந்து பேசுவது என்று பொருள். ஊர் நடுவே நிலம் வைத்திருப்பவரும், அதைத் தவிர வேறு பிழைப்பிடம் இல்லாதவரும் எப்படிச் சமம் ஆவார்கள்?

சிற்பத்துக்கும் இடம், மனிதனுக்கும் இடம்

இனி நம் ஜில்லாவின் கடற்கரைக்குப் போவோம். இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் இருபது மைலில் மாமல்லபுரம். நடந்து பார்க்கத்தக்க ஊர் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கிச் சில நிமிஷ நடையில் தலசயனப் பெருமாள் கோயில். அதன் பின்னால் மேற்கு ராஜ வீதியில், தெருவோரப் பாறையில், உலகம் கண்டு வியக்கும் அர்ஜுனன் தபசு. கிழக்கே நடந்தால் கடற்கரைக் கோயில். தெற்கே ஐந்து ரதம். வழியெல்லாம் உளிச் சத்தம்.

1984-ல் இந்தச் சின்னங்களை உலகப் பாரம்பரியச் சொத்து என்று ஐக்கிய நாட்டுக் கல்வி, பண்பாட்டு ஸ்தாபனம் அறிவித்தது. அந்த உளிச் சத்தத்துக்கும் மரியாதை வந்தது. 1957-ல் சர்க்கார் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் கல்லூரியாக வளர்ந்தது. 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சின்னங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 1958-ம் வருஷத்துப் புராதனச் சின்னங்கள் சட்டத்தை 2010-ல் திருத்தினார்கள். சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்டலாம். பல்லவன் சிற்பத்தின் தலைமேல் ஆறு மாடி ஹோட்டல் எழாமல் தடுத்தது இப்படிப்பட்ட காவல்தான். அதை எடுத்துவிடச் சொல்பவர்கள் யார் என்று பார்த்து நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆனால் மாமல்லபுரத்தில் சின்னம் ஓர் இடத்திலும் ஊர் வேறோர் இடத்திலும் இல்லை. பாறைக்குப் பாறை சிற்பம், பாறைக்குப் பாறை வீடு. வட்டத்தின்மேல் வட்டம் போட்டால் ஊரின் பெரும்பகுதி உள்ளே அகப்படுகிறது. மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்த மீனவர், ஓர் அறை கூடுதலாக எடுக்க முடியவில்லை. ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்த அனுமதிக்கு விண்ணப்பம், வரைபடம், நடை. கூலி வேலைக்காரர் எத்தனை நாள் வேலையை விட்டு நடப்பார்? கடைசியில் விற்றுவிட்டுப் போகிறார். வாங்குகிறவர் வக்கீலையும் என்ஜினீயரையும் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடியவர். வீடு விடுதியாகிறது. கல்லைக் காக்க வந்த சட்டம், கல்லைச் செதுக்கியவன் பரம்பரை அங்கே இருக்க முடியுமா என்று கேட்கவில்லை.

மீனவருக்கு இன்னொரு நெருக்கடி. 2004 சுனாமிக்குப் பிறகு, அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளி வரச் சம்மதித்தால்தான் சர்க்காரின் புதிய வீடு என்று 2005-ல் உத்தரவு வந்தது. உயிரைக் காக்கும் எண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மீனவர் வீட்டு வாசலில் நின்று காற்றைப் பார்க்கிறார், நீரோட்டத்தைப் பார்க்கிறார், படகையும் வலையையும் பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் கரைதான் தொழிற்சாலை வாசல். கரையில் அவர் காலி செய்த மணல் யார் கைக்குப் போகும்? கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் உள்ள ரிஸார்ட்டு மதில்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வருவது இயற்கை.

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அதற்கு முன் சில வாரங்களில் சாலைகள் செப்பனிடப்பட்டன, குப்பை அகன்றது, விளக்குகள் எரிந்தன. விருந்தாளிக்காக ஊரைச் சுத்தம் செய்வது நம் மரபு. ஆனால் சில வாரத்தில் செய்ய முடிந்ததை, அங்கேயே பிறந்து அங்கேயே வாழும் ஜனங்களுக்காக ஏன் வருஷம் முழுவதும் செய்ய முடியாது?

குடியிருப்பவர்கள் போய்விட்ட பிறகு ஒரு பழைய ஊர் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் வெனிஸ் சாட்சி. அந்தத் தீவு நகரத்தில் 1951-ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் அந்தத் தொகை 50,000-க்கும் கீழே இறங்கியது. கட்டடங்கள் நிற்கின்றன. சுற்றுலாக்காரர்கள் லட்சக்கணக்கில் வருகிறார்கள். நெரிசல் நாட்களில் ஒரு பகல் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போகிற இடத்துக்கு ஊர் என்று பெயரா, காட்சிசாலை என்று பெயரா? மாமல்லபுரம் அப்படி ஆகக் கூடாது.

போலோன்யா காட்டிய வழி

"இதெல்லாம் காலத்தின் போக்கு, தடுக்க முடியாது" என்பார்கள். அதே இத்தாலியில் போலோன்யா என்று ஒரு நகரம். நூற்றாண்டுகள் பழமையானது, வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள் நிறைந்தது, வெயிலிலும் மழையிலும் அவற்றின் கீழே மைல் கணக்கில் நடந்து போகலாம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பல பத்தாண்டுகள் அந்த முனிசிபாலிடியைக் கம்யூனிஸ்டுகள் நடத்தினார்கள். நகர நடுவிலிருந்த தொழிலாளர் வீடுகள் பழுதாகி நின்றன.

இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்ற யோசனை அங்கேயும் இருந்தது. அவர்கள் செய்தது வேறு. 1973-ல், புறநகரில் புது வீடு கட்டுவதற்காக வைக்கப்பட்ட பொதுக் குடியிருப்புப் பணத்தைப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கத் திருப்பினார்கள். செர்வெல்லாத்தி என்ற கட்டடக் கலைஞர் அந்தத் திட்டத்தின் முன்னணியில் நின்றார். சுவரைக் காப்பாற்றுவதோடு சுவருக்குள் இருந்த குடும்பத்தையும் காப்பாற்ற வேண்டும் என்பதே திட்டத்தின் உயிர்நாடி. பழுதுபார்த்த வீட்டுக்குப் பழைய குடித்தனக்காரரே திரும்பி வந்தார்.

அது சுலபமாக நடக்கவில்லை. வீடுகளை முனிசிபாலிடியே எடுத்துக்கொள்ளும் யோசனைக்குச் சிறு வீட்டுக்காரர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். அவர்களையும் பகைக்காமல், "பழுதுபார்க்க உதவி செய்கிறோம், பதிலுக்கு வாடகையை வரம்புக்குள் வையுங்கள், பழைய குடித்தனத்தை வையுங்கள்" என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நினைத்ததெல்லாம் முடியவில்லை. ஆனாலும் ஒரு விஷயம் நிரூபணமாயிற்று. பழைய ஊரைக் காப்பதும் ஏழையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒரே செலவில் இரண்டையும் செய்யலாம்.

நாம் கேட்பது என்ன?

தோழர்களே! ஆகாயத்திலிருந்து நட்சத்திரம் பறித்துத் தரச் சொல்லவில்லை. நாம் கேட்பவை கைக்கெட்டியவை.

முதலாவது, செங்கற்பட்டு ரயிலடியோரமுள்ள பஸ் நிலையம் டவுன் பஸ்களுக்கும் சுற்று வட்டாரக் கிராம பஸ்களுக்கும் என்றென்றைக்கும் இருக்க வேண்டும். அந்த இடத்தை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, கலெக்டர் ஆபீஸ் வெளியே போனாலும் ஜனங்கள் மனு கொடுக்கவும், சான்றிதழ் வாங்கவும் ஊர் நடுவே ஒரு கிளை இருக்க வேண்டும். ஆபீஸர் காரில் வரலாம். மனுதாரர் நடந்து வருகிறார்.

மூன்றாவது, நடைபாதை நடப்பவருக்கு வேண்டும். கடைப் பலகையும் மோட்டார் சைக்கிளும் அதை அடைத்துக்கொண்டு, கிழவர்களும் பிள்ளைகளும் லாரிக்கு நடுவே நடக்கிறார்கள். அதற்காகத் தள்ளுவண்டிக்காரரை அடித்து விரட்டுவதும் கூடாது. 2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதைச் செய்யட்டும்.

நான்காவது, விடியுமுன் வந்து இந்த ஊரைப் பெருக்குகிற துப்புரவுத் தொழிலாளர்களுக்கு ஊருக்குள்ளேயே வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். தெருவைச் சுத்தம் செய்கிறவருக்குத் தெருவில் ஒரு வாசல் இல்லை என்பதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

ஐந்தாவது, மாமல்லபுரத்தில் 300 மீட்டருக்குள் வாழும் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்து, பழுதுபார்க்கும் அனுமதியை அந்த ஊரிலேயே, குறித்த நாளுக்குள், இலவசமாகக் கொடுக்க வேண்டும். வரைபடம் போட்டுத் தர சர்க்கார் ஆளே வரட்டும். மீனவர் குப்பத்து நிலம் மீனவர்க்கே என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆறாவது, பழைய வீடுகளைப் பழுதுபார்க்கச் சிறு வீட்டுக்காரருக்குக் குறைந்த வட்டிக் கடன் கொடுத்து, பதிலுக்குக் குடித்தனக்காரரை வெளியேற்றுவதில்லை, வாடகையை வரம்பு மீறி ஏற்றுவதில்லை என்று உறுதி வாங்க வேண்டும். போலோன்யாவில் முடிந்தது செங்கற்பட்டில் ஏன் முடியாது?

இவை தானாக வந்து சேரமாட்டா. நம் தெருவில் எத்தனை குடித்தனங்கள் இருக்கின்றன, யாருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, யாருக்குத் தவணை வந்திருக்கிறது என்று நாமே நோட்டுப் போட்டு எழுதத் தொடங்குவோம். நாளைக் காலையிலிருந்தே தொடங்கலாம். இதற்குப் பஸ் வேண்டாம், கார் வேண்டாம். தெருத் தெருவாக நடந்தால் போதும். தையற்காரருக்குத் தவணை வந்தபோது நம்மில் எவருக்கும் அது தெரியவில்லை. சாமான் ஏற்றிய வண்டி கிளம்பிய அன்றுதான் தெரிந்தது. இன்னொரு வண்டி அப்படிக் கிளம்பக் கூடாது.

கூட்டம் முடிந்தது. பக்கத்து வீட்டில் பிள்ளை காத்திருக்கிறது. போய் வாருங்கள், தாய்மார்களே. நடந்தே போய்ச் சேருங்கள். உங்கள் பிள்ளையும், அதன் பிள்ளையும் இதே தெருவில் நடந்தே வீடு சேர வேண்டும் என்பதற்காகத்தான் மறுபடியும் கூடப் போகிறோம்.